கடைக்கு ஒரு பக்கம் போதும்: பகுதிநேரமாக வெப்சைட் செய்துகொடுக்க வருபவர்களுக்கு

கோவில்பட்டியில் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி எட்டரைக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் வெப்சைட் செய்துகொடுக்கிறேன். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் வகுப்பு எதற்கும் போனதில்லை. முதல் வேலை கடலை மிட்டாய் போடும் ஓர் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. "எம்புட்டு ஆகும் தம்பி?" என்று கேட்டார். யோசிக்காமல் மூவாயிரம் என்றேன். எத்தனை பக்கம், யார் படம் எடுப்பது, யார் எழுதித் தருவது என்று எதுவும் பேசவில்லை. ஏழு பக்கம், மேலே தானாக நகரும் படங்கள், ஓடிக்கொண்டே இருக்கும் 'வருக வருக', பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் என்று வேலை வளர்ந்து மூன்று மாதம் இழுத்தது. தளத்தைப் பார்த்து வந்தவர்களிடம் அண்ணாச்சி பிறகு விசாரித்திருக்கிறார். எல்லாரும் தொட்டது இரண்டே இடம்: போன் நம்பர், மேப்.

சின்னக் கடைக்காரருக்குக் குறைந்த செலவில் செய்துகொடுக்க வேண்டுமென்றால் உங்கள் கூலியில் கை வைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஒரே பக்கம், போனில் தள்ளிக்கொண்டே போனால் ஐந்து திரை. அதற்குள் அடங்காத கடை எங்கள் ஊரில் ரொம்பக் குறைவு. கீழே சொல்வதெல்லாம் அந்த ஐந்து திரையை எப்படிப் பேசி, எழுதி, கட்டி, ஒப்படைப்பது என்பதுதான்.

எதைப் படிப்பது, எதை விடுவது

பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதும் ஹெச்டிஎம்எல், அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் இரண்டையும் ஒழுங்காகப் படியுங்கள். தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் போதும். ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளத்தில் இலவசமாகப் பயிற்சியோடு இருக்கிறது. சந்தேகம் வந்தால் எம்டிஎன் என்ற விளக்கத் தளத்தின் பக்கங்களைப் பாருங்கள், அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவைக்கவில்லை. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று நான்கு மாதத்தில் ஒரு பக்கத்தை வெறும் கையால் கட்டுகிற அளவுக்கு வந்துவிடலாம். சிஎஸ்எஸ்ஸில் பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், திரை அளவுக்குத் தக்கபடி மாற்றும் மீடியா குவெரி மூன்றும் கைக்குப் பழக வேண்டும். பெரிய தளங்களுக்கான ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடை விலாசத்தைக் காட்ட அதெல்லாம் தேவையில்லை.

வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பது படித்த மாதிரி ஒரு நினைப்பைத் தரும், அவ்வளவுதான். உங்கள் தெருவில் மூன்று கடையைத் தேர்ந்தெடுங்கள். யாரும் கேட்காமலே அவற்றுக்கு ஆளுக்கொரு பக்கம் செய்து பாருங்கள். வெளியே போடாதீர்கள், உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். முதல் வாடிக்கையாளரிடம் காட்ட அந்த மூன்றும் உதவும். இன்னொன்று, வீட்டில் பழைய, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் லேப்டாப்பில் அழகாகத் தெரிவது அதில் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நிஜமான பரீட்சை.

வேலையில் இருப்பவர்கள் தொடங்குமுன் தங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெளியே சம்பாதிக்கக் கூடாது என்றோ, அனுமதி வாங்க வேண்டும் என்றோ பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வெப்சைட்டே வேண்டாத கடைகள்

டீக்கடைக்கும் தெருமுனை மளிகைக்கடைக்கும் வெப்சைட் தேவையில்லை. அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது கூகுள் பிசினஸ் புரொஃபைல். மேப்பில் கடை பெயர், திறக்கும் நேரம், போன் நம்பர், நாலு நல்ல படம். அது இலவசம். கடைக்காரரின் ஜிமெயிலிலேயே திறந்து, கூகுள் கேட்கிறபடி கடை முன்னால் நின்று வீடியோ எடுத்தோ போன் மூலமோ சரிபார்ப்பை முடித்துக் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. நான் 500 ரூபாய் வாங்குகிறேன். இப்படி உண்மையைச் சொல்லி அனுப்பியவர்களில் இரண்டு பேர் பிறகு எனக்குப் பெரிய வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த புரொஃபைலோடு முன்பு கூகுளே ஒரு இலவச வெப்சைட்டும் தந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். விசிட்டிங் கார்டில், போர்டில் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்த கடைகள் எல்லாம் விழித்தன. இலவசம் என்று ஓடுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொந்த டொமைன், அதாவது கடையின் பெயரிலேயே பதிவு செய்யும் தள முகவரி, எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

வெப்சைட் உண்மையில் பயன்படுவது வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற தொழில்களுக்கு: சமையல் காண்டிராக்டர், மண்டபம், டியூஷன் சென்டர், பிசியோதெரபி, பார்சலில் பலகாரம் அனுப்பும் கடை, சின்ன லேத் பட்டறை. முன்பின் தெரியாதவர் அட்வான்ஸ் கொடுக்குமுன் 'இவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா' என்று பார்க்க வருகிற இடங்கள்.

முதல் பேச்சு

"உங்களுக்கு எப்படி டிசைன் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாது, ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் தளத்தைக் காட்டுவார்கள். கேட்க வேண்டியது, "போன் பண்ணுகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்?" அதைவிட மேல், ஒரு மணி நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பது.

ஒரு சமையல் காண்டிராக்டர் வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தேன். வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். "இலைக்கு எவ்வளவு?" "நூறு இலைக்கு வருவீங்களா, குறைஞ்சது இருநூறா?" "சாமான் நாங்க வாங்கித் தரணுமா, நீங்களே போட்டுக்குவீங்களா?" "பரிமாற ஆள் உண்டா?" "திருநெல்வேலி வரை வருவீங்களா?" பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எட்டுக் கேள்வி. அந்த எட்டும் பதிலும்தான் தளத்தின் மூன்றாவது திரை. 'எங்களைப் பற்றி' என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு மாதம் கழித்துப் பேசியபோது, "இப்பல்லாம் போன் பண்றவங்க நேரா தேதியைத்தான் கேக்காங்க" என்றார்.

அந்த வேலையிலிருந்து என் ஐந்து திரை இப்படித்தான். முதல் திரையில் என்ன தொழில், எந்த ஊர், போன் பட்டன், வாட்ஸ்அப் பட்டன். இரண்டாவதில் என்ன செய்து தருகிறார்கள் அல்லது விற்கிறார்கள், படத்தோடு. மூன்றாவதில் ஜனங்கள் கேட்கும் கேள்விகள். நான்காவதில் செய்த வேலையின் படங்கள், வாடிக்கையாளர் சொன்ன இரண்டு மூன்று வரி, அதுவும் அவர்களைக் கேட்டு. கடைசியில் விலாசம், நேரம், விடுமுறை நாள், மேப்.

விலை போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு கடையிலும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். 'எதிர்க்கடைக்காரன் பார்த்துருவான்' என்பார்கள். எதிர்க்கடைக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். 'இலைக்கு இத்தனை ரூபாயிலிருந்து' என்று தொடக்க விலையாவது போடச் சொல்லுங்கள்.

உணவுப்பொருள் விற்கிறவர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக் கீழே போடுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடனே எல்லாரும் அந்த முத்திரையைத் தளத்தில் போடச் சொன்னார்கள். ஊருக்குக் கிடைத்தது என்பதால் எல்லாக் கடையும் போட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைப் பார்க்காமல் போடாதீர்கள்.

கூலி

நான் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சு 2 மணி, படம் எடுக்க 3, எழுத 4, கட்ட 8, திருத்தம் 3, ஒப்படைக்க 2. மொத்தம் 22 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய் என்றால் 6,600. என் முதல் வேலைக்கு வாங்கிய மூவாயிரத்தைச் செலவழித்த நேரத்தால் வகுத்துப் பார்த்தேன், மணிக்கு 25 ரூபாய்கூடத் தேறவில்லை.

ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினாலும் போதும். அதில் இருக்க வேண்டியவை: ஐந்து பகுதிகளின் பெயர், மொத்தக் கூலி, பாதி முன்பணம், இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. அப்புறம் ஒன்று, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: விவரமும் படமும் தர அவர்களுக்கு ஒரு கடைசித் தேதி. வேலை இழுப்பது நம்மால் குறைவு. 'அடுத்த வாரம் தர்றேன் தம்பி' என்பதால்தான் அதிகம். அந்தத் தேதி தாண்டினால் வேலை வரிசையில் பின்னால் போகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்வதாக இருந்தாலும் தாள் எழுதுங்கள். அவர்கள்தான் நாற்பது முறை மாற்றச் சொல்வார்கள்.

சாவி யாரிடம்

ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் வந்தபோது அவருக்கு ஏற்கெனவே டொமைன் இருந்தது. செய்துகொடுத்தவர் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்திருக்கிறார். பிறகு வெளிநாடு போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தன. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பத்தாயிரம் கட்டைப்பையில் அச்சடித்த முகவரி.

அதனால் டொமைன் வாங்கும்போது கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அவருடைய ஜிமெயில், அவருடைய போன் நம்பர், அவருடைய யுபிஐயிலிருந்து பணம். கடைக்காரருக்கு மெயிலே இல்லையென்றால் கடை பெயரில் ஒன்று திறந்து, பாஸ்வேர்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். ஆனால் கல்லாப்பெட்டியில் பூட்டி வைக்கும் நோட்டு தொலைவதில்லை. மறந்த பாஸ்வேர்டு தினமும் தொலைகிறது.

விலையில் ஒரு கண் வையுங்கள். முதல் வருடம் 99 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இரண்டாம் வருடம் பல மடங்கு ஆகும். புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்து, அதைத்தான் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். டாட் இன் முகவரி பெரும்பாலும் டாட் காமைவிட விலை குறைவு, உள்ளூர்க் கடைக்கு அதுவே போதும். டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரியும் கிடைக்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் போனில் தட்டுகிறவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பதால் அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர அதை மட்டும் நம்ப முடியாது.

பெயர் தேர்ந்தெடுக்கும்போது வாயால் சொல்லிப் பாருங்கள். 'ஸ்ரீ' என்பதை எஸ்-ஆர்-ஐ என்று எழுதுவதா, நடுவில் ஒரு ஹெச் போடுவதா? 'ழ'வுக்கு இசட்-ஹெச்சா, 'எல்' எழுத்தா? போனில் கேட்டவர் தப்பில்லாமல் தட்டுகிற பெயர்தான் நல்ல பெயர். ஸ்ரீயும் ழகரமும் இல்லாமல் கடைப் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து வைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

எங்கே வைப்பது

கையால் கட்டிய ஒற்றைப் பக்கத்துக்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைக்கும் இடம், செலவு பூஜ்யம் ஆகலாம். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் மாதம் 500 முறை வரை புதுப்பித்து ஏற்றலாம், ஒரு கோப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு அது தாராளம். கிட்ஹப் பேஜஸ் பழகுவதற்கு அருமையான இடம். ஆனால் வியாபாரம் நடத்த இலவச ஹோஸ்டிங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. வெர்செல்லின் இலவசத் திட்டமும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். விதியைப் படிக்காமல் வாடிக்கையாளரை ஏற்றிவிட்டு நாளைக்கு அவர் தளம் நின்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். இந்தக் கணக்கையும் கடையின் மெயிலில்தான் திறக்க வேண்டும்.

டொமைனை ஹோஸ்டிங்கோடு இணைக்கும்போது நேம்சர்வரை, அதாவது முகவரியைத் தேடி வருகிறவரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் அமைப்பை, மாற்றுவீர்கள். உடனே தெரியாது. சில நிமிடத்தில் வரலாம், ஒரு நாளும் ஆகலாம், சமயத்தில் இரண்டு நாளும் ஆகும். கடைத் திறப்புவிழா அன்று காலையில் இதைச் செய்யாதீர்கள், நான் செய்திருக்கிறேன். பூட்டுப் படம் என்று சொல்வார்களே, அந்த ஹெச்டிடிபிஎஸ் பாதுகாப்பு, இப்போது தனிச் செலவில்லை. இந்த மாதிரி இடங்களில் தானாகவே வந்துவிடும். அதற்கென்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர்களிடமிருந்து உங்கள் வாடிக்கையாளரைக் காப்பாற்றுங்கள்.

வேர்ட்பிரஸ் வேண்டாமா என்று கேட்பீர்கள். கோடு எழுதாமலே தளத்தை நடத்த உதவும் மென்பொருள் அது, 2003இல் வந்தது. இன்றைக்கு உலகத்துத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. கெட்டதல்ல. ஆனால் அது வளர்க்கிற மாடு மாதிரி, தினமும் கவனிக்க வேண்டும். அதில் சேர்க்கும் பிளக்இன் என்ற துணை நிரல்களைப் புதுப்பிக்காமல் விட்டால் எவனாவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரத்தைப் போட்டுவிட்டுப் போவான். டியூஷன் சென்டர் மாதிரி வாரம் ஒரு அறிவிப்பைத் தாங்களே ஏற்ற விரும்புகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள், வருடப் பராமரிப்புக் கூலியோடு.

தமிழில் எழுதும்போது

எந்தப் பாடத்திலும் சொல்லித்தராத பகுதி இது. கடைக்காரரிடம் விவரம் கேட்டால் ஃப்ளெக்ஸ் அடித்த பிரஸ்ஸிலிருந்து கோப்பு வாங்கித் தருவார். அதைத் திறந்து நகலெடுத்து ஒட்டினால் கண்டபடி ஆங்கில எழுத்துகளாக வரும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நின்றால் அது பாமினி எழுத்துரு. பயப்பட வேண்டாம், கோப்பு கெட்டுப்போகவில்லை. எல்லாக் கருவியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வைக்கும் யூனிகோடு வருமுன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தி வைத்த காலத்தின் மிச்சம் அது. டிடிபி கடைகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு வரி விடாமல் வாசித்துப் பாருங்கள். எண்களும் நிறுத்தற்குறிகளும், நடுவில் ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் சிதைந்திருக்கும். போன் நம்பரைக் கட்டாயம் மறுபடி கையால் அடியுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. ஒன்றே போதும், அதிலும் சாதா, தடிமன் என இரண்டு எடைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் பக்கத்தின் பாரத்தைக் கூட்டும்.

ஆங்கிலத் தளத்துக்குப் போட்ட சிஎஸ்எஸ்ஸை அப்படியே தமிழுக்குப் போட்டால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நம் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி எல்லாம் உண்டு. வரி உயரத்தை எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வையுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டும் வேலை வேண்டாம், சமயத்தில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். இருபக்கமும் நேராக்கும் ஜஸ்டிஃபையும் வேண்டாம். 'ஒப்பந்தக்காரர்களுக்கும்' மாதிரி ஒரு சொல் போனில் அரை வரியைத் தின்றுவிடும், மீதிச் சொற்கள் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக நிற்கும். நீளச் சொல் திரைக்கு வெளியே ஓடாமல் இருக்க சிஎஸ்எஸ்ஸின் ஓவர்ஃப்ளோ-ராப் பண்பில் பிரேக்-வேர்ட் என்ற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். ஹெச்டிஎம்எல்லின் முதல் டேகில் மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

தலைப்பில் மட்டும் தொழிலையும் ஊரையும் ஆங்கிலத்திலும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். தமிழில் பேசுகிறவர்களும் கூகுளில் ஆங்கிலத்தில் தேடுகிற வழக்கம் நிறைய.

படம்

கூகுளில் தேடி எடுத்த படம் வேண்டவே வேண்டாம். அது யாரோ ஒருவருடைய சொத்து. தவிர, வேறு ஊர் இட்லியைக் காட்டி நம் ஊர்க் கடையை விற்க முடியாது. உங்கள் போனே போதும். காலை ஒன்பது மணிக்குள் போங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பொருளை வாசல் பக்கம் கொண்டு வந்து, கீழே ஒரு வெள்ளை சார்ட் பேப்பர் விரித்து எடுங்கள். கடலை மிட்டாயை அப்படி எடுத்துப் பாருங்கள், பாகின் மினுக்கம் தனியாகத் தெரியும். கண்ணாடிக் காகிதத்தோடு எடுத்தால் வெறும் வெளிச்சம்தான் விழும். கடைக்காரர் நிற்கிற படம் ஒன்றும் வேண்டும். ஜனங்கள் முகத்தை நம்புகிறார்கள்.

போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலத்தில் நான்கைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைவான இடத்தில் வெள்ளைத் திரைதான். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவில் சேமியுங்கள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே செய்து தரும். பெரும்பாலான படங்கள் 100 கேபி பக்கம் வந்துவிடும். மொத்தப் பக்கமும் ஒரு எம்பிக்குள் நிற்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். யாராவது படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரம் போய்விடும்.

கட்டும்போது கை தவறுகிற இடங்கள்

பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியை மறந்துவிட்டால் போனில் எல்லாம் எறும்பு அளவில் தெரியும். போன் நம்பரை வெறும் எழுத்தாகப் போடாமல் தொட்டால் அழைக்கிற இணைப்பாகப் போடுங்கள். வாட்ஸ்அப்புக்கு 'டபிள்யூஏ டாட் எம்இ' என்ற முகவரி, ஒரு சாய்கோடு, 91, அதை ஒட்டிப் பத்து இலக்கம். கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் பூஜ்யம் எதுவும் கூடாது. அதோடு 'வெப்சைட் பார்த்தேன், விவரம் வேண்டும்' என்று ஒரு வாசகத்தையும் சேர்த்து அனுப்பலாம். தமிழ் வாசகம் என்றால் யூஆர்எல் என்கோடிங் செய்து, அதாவது இணைப்பு முகவரிக்கு ஏற்ற குறிகளாக மாற்றி, ஒட்டுங்கள். இதில் இன்னொரு லாபம், எத்தனை பேர் தளத்தைப் பார்த்து வந்தார்கள் என்று அந்த வாசகத்தைத் தேடினாலே கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

தொடர்புப் படிவம் வேண்டாம். ஒற்றைப் பக்கத்துக்குப் பின்னால் அதை வாங்கி வைக்க ஆள் கிடையாது, வரும் மெயிலைக் கடைக்காரர் திறக்கவும் மாட்டார். மேப்பைப் பக்கத்துக்குள் பதிப்பதும் பாரம். கடை முகப்புப் படத்தைப் போட்டு, தொட்டால் மேப் திறக்கிற மாதிரி இணைப்புக் கொடுங்கள்.

ஓபன் கிராஃப் படம் என்று ஒன்று உண்டு. தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கூடவே சின்னதாக ஒரு படமும் தலைப்பும் வருமே, அதுதான். ஒரு டேக் எழுதினால் போதும். எங்கள் பக்கம் வெப்சைட் பரவுவதே குடும்ப குரூப்களில்தான். படம் இல்லாமல் வெறும் நீல எழுத்தாக வந்தால் மோசடி லிங்க் என்று நினைத்து ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

முடிந்ததும் தளத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் மதிப்பெண் பாருங்கள். அப்புறம் அந்தப் பழைய போனை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று பாருங்கள். வெளிர்சாம்பல் நிற எழுத்தின் அழகெல்லாம் பேருந்து நிலையத்துக்கு வெளியே பகல் பன்னிரண்டு மணிக்குக் காணாமல் போய்விடும்.

ஒப்படைப்பதும் அதற்குப் பிறகும்

மீதிப் பணம் வாங்கிய பிறகு டொமைனை இணைப்பது என் வழக்கம். அதுவரை சோதனை முகவரியில் இருக்கும். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பாதி ஊர் பார்த்த பிறகு மீதிப் பணத்துக்கு நடப்பது அதைவிடக் கடுமை. ஒப்படைக்கும் நாளில் நோட்டில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: டொமைன் எங்கே வாங்கியது, ஹோஸ்டிங் எங்கே, எந்த மெயில், எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும். தளத்தின் முழுக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். அவர் நாளைக்கு வேறு ஆளிடம் போகலாம், போகட்டும். பிசினஸ் புரொஃபைலில் தள முகவரியைச் சேர்ப்பதும், தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பதிவு செய்வதும் அன்றே முடியட்டும்.

வருடப் பராமரிப்பு என்று 1,500 ரூபாய் வாங்குகிறேன். வருடத்தில் நான்கு முறை விலை, படம், நேரம் மாற்றித் தருவேன். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கிடையாது என்று தாளிலேயே இருக்கும்.

வரி விஷயம் சுருக்கமாக. வரும் பணத்தை ஒரு தனி வங்கிக் கணக்கில் வாங்குங்கள். சம்பளத்தோடு இந்த வருமானமும் சேர்ந்துவிட்டால் வருமானவரிக்கு ஐடிஆர்-1 என்ற எளிய படிவம் செல்லாது. தொழில் வருமானம் காட்டும் படிவம்தான் போட வேண்டும். முதல் வருடம் ஓர் ஆடிட்டரிடம் கொடுத்துச் செய்யுங்கள், பிறகு பழகிவிடும். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டினால்தான் என்பதால் இந்த அளவு வேலைக்கு அந்தக் கவலை இல்லை.

மாதத்துக்கு எத்தனை வேலை எடுக்கலாம்? வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 22 மணி நேரம் என்பது தினம் ஒன்றரை மணியும் ஞாயிறு கொஞ்சம் கூடுதலாகவும் உட்கார்ந்தால் இரண்டு வாரம். ஆன்லைனில் பணம் கட்டி வாங்கும் கடை, லாகின், ஆப் என்று கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில், 'அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன்.' ஆரம்பத்தில் அப்படி ஒன்றை ஒத்துக்கொண்டு, பாதியில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

என் போன் காலண்டரில் இப்போது 31 கடைகளின் புதுப்பிக்கும் தேதி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மாதம் முன்னதாகவே மணியடிக்கிற மாதிரி. அடித்ததும் கடைக்குப் போன் போடுவேன். அந்தச் சமையல் காண்டிராக்டருக்குப் போன வாரம் போட்டேன். பணத்தை அப்போதே கட்டிவிட்டார். "தம்பி, அப்படியே இலைக்கு இருபது ரூபா கூட்டிப் போட்டுரு, காய்கறி விலை ஏறிப்போச்சு" என்றார்.